காரியாபட்டிக்கும் மணமேல்குடிக்கும் ஒரே எம்.பி.



தொகுதி மறுவரையறை வந்தால் தமிழ்நாட்டுக்கு எத்தனை எம்.பி. குறையும் என்று டீக்கடை டீக்கடையாகப் பேசுகிறார்கள். பேசத்தான் வேண்டும். 1962-இல் நமக்கு 41 எம்.பி.க்கள், 1967-இல் 39. முத்துராமலிங்கத் தேவர் 1962-இல் ஜெயித்த அருப்புக்கோட்டை மக்களவைத் தொகுதி, 1967 தேர்தலில் இல்லவே இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டை மதித்ததற்குத் தண்டனையா என்று டெல்லியைக் கேட்கிறோம். நியாயமான கேள்வி. ஆனால் எண்ணிக்கையோடு சண்டை முடிந்தது என்று நினைத்தால் நம்மைவிட ஏமாளிகள் கிடையாது. 39 இருந்தாலும் 50 வந்தாலும், உள்ளே கோடு எங்கே விழுகிறது? யார் போடுகிறார்கள்?

நம் கதையையே எடுங்கள். விருதுநகர் மாவட்டத்தில் 7 சட்டமன்றத் தொகுதிகள். 2008 மறுவரையறையில் அவற்றை மூன்று பங்கு வைத்தார்கள். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசிக்கு. நான்கு தொகுதிகள் விருதுநகருக்கு. புதிதாக உண்டாக்கிய திருச்சுழி மட்டும் தன்னந்தனியாக இராமநாதபுரத்துக்கு.

அந்தத் திருச்சுழித் தொகுதியில் இருக்கிற காரியாபட்டிக்காரர் காலையில் மதுரைக்குப் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். அவருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்து மணமேல்குடி மீனவருக்கும் எம்.பி. ஒருவரே! ராமேசுவரத்துப் படகு பிடிபட்டால் அந்த எம்.பி. கடற்கரைக்கு ஓடத்தான் வேண்டும். ஓடாவிட்டால் நாமே திட்டுவோம். மீனவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் நம் கண்மாயில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, மிளகாய் கருகிக் கிடக்கிறது. நமக்குக் கலெக்டர் ஒரு பக்கம், எம்.பி. இன்னொரு பக்கம்.

"உங்கள் குண்டாறு இராமநாதபுரத்துக் கமுதிப் பக்கம்தானே ஓடுகிறது, 1985 வரை நீங்கள் இராமநாதபுரம் மாவட்டம்தானே?" என்பார்கள். சரி ஐயா. அப்படியென்றால் அதே இராமநாதபுரம் தொகுதியில் இருந்த அருப்புக்கோட்டையை மட்டும் 2008-இல் ஏன் பிரித்தீர்கள்? நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லித்தான் சட்டம் இருக்கிறது. தலைக்கணக்கு ஜெயித்தது, மற்றதெல்லாம் தோற்றது.

யாரோ சதி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. என்னிடம் ஆதாரம் இல்லை. சதி செய்ய நினைக்கிறவனுக்குக் கதவு திறந்து கிடக்கிறது, அதைத்தான் சொல்கிறேன். கோடு எப்படியும் விழலாம் என்பதற்கு உதாரணம் பாருங்கள்: 2022-இல் ஜம்மு-காஷ்மீரில் பீர் பஞ்சால் மலைக்கு அந்தப் பக்கம் அனந்தநாக், இந்தப் பக்கம் ரஜௌரி, இரண்டையும் ஒரே தொகுதியாகக் கட்டிவிட்டார்கள். பனி விழுந்தால் நடுவிலுள்ள மலைப்பாதையே மூடிப்போகும்!

கோடு போடுகிற மறுவரையறை ஆணையத்துக்குத் துணையாக மாநிலத்துக்கு 10 பேர்: 5 எம்.பி., 5 எம்.எல்.ஏ. அவர்களுக்கு ஓட்டு இல்லை, வாய் உண்டு. நிலம் அளக்க வந்த சர்வேயருக்குப் பக்கத்து நிலத்துக்காரரே சங்கிலி பிடிக்கிற கதைதான். ஆணை கெசட்டில் ஏறிவிட்டால் அதற்குச் சட்ட பலம்; கோர்ட்டில் அசைப்பது குதிரைக்கொம்பு. அதற்கு முன்னால் வரைவு வெளியிடுவார்கள், ஆட்சேபம் கேட்பார்கள். போன தடவை எத்தனை பேர் மனுப் போட்டோம்? கை தூக்குங்கள், பார்ப்போம். (சிரிப்பு)

இந்தத் தடவை வரைவு வருகிறவரை காத்திருக்க வேண்டாம். நரிக்குடி, காரியாபட்டி, திருச்சுழி ஒன்றியங்களில் எல்லா ஊராட்சியிலும் அடுத்த கிராம சபையிலேயே தீர்மானம் போடுங்கள்: எங்கள் மாவட்டத்தை மூன்றாகக் கிழிக்காதே, விசாரணையை எங்கள் தாலுகாவில் வந்து நடத்து. நகலைக் கலெக்டருக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.