தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்

பக்கத்தில் தாளும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் நிற்பவர்கள் மனக்கணக்காகவே போடலாம்.

மூன்று பாத்திரங்கள். முதலாவது 21 படி கொள்ளும், இரண்டாவது 127, மூன்றாவது 3. (127 படியை யார் தூக்குவது என்று கேட்காதீர்கள், இது கணக்கு!) எதிலும் அளவுக்கோடு கிடையாது. குழாயில் தண்ணீர் தாராளம். சரியாக 100 படி வேண்டும்.

பெரியதை நிரப்பி, அதிலிருந்து முதல் பாத்திரத்துக்கு ஊற்றினால் 106 மிச்சம். சின்னதால் இரண்டு தடவை மொண்டால் நூறு நிற்கும்.

இதே வழியில் விடை வரும் கணக்குகளை அடுத்தடுத்துக் கொடுத்தார் ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். அவருடைய ஆய்வு 1942-ல் வெளியானது. பிறகு இப்படி ஒன்று: 23, 49, 3. வேண்டியது 20. பழகிய கை 49-ஐ நிரப்பும், 23-ஐக் கழிக்கும், மூன்று மூன்றாக இரு தடவை எடுக்கும். இருபது வந்துவிடும், தப்பில்லை. ஆனால் 23-ல் 3 போனாலே 20தானே! பலருக்கு அது கண்ணில் படவில்லை. இந்தக் கணக்கிலேயே தொடங்கியவர்களுக்கோ குறுக்குவழி எளிதாகத் தட்டுப்பட்டது.

இன்னொன்று: 28, 76, 3, வேண்டியது 25. பழைய வழி இங்கே பலிக்காது. 28-ல் 3 போனால் 25, அவ்வளவுதான். அதைப் போட முடியாமல் கைவிட்டவர்கள் இருந்தார்கள். 'கண்மூடித்தனமாகப் போகாதே' என்று தாளில் எழுதிவைத்துக்கொள்ளவும் சொல்லிப் பார்த்தார் லூச்சின்ஸ். எழுதிவிட்டு, அதே பழைய தடத்தில் போனவர்களும் உண்டு.

மந்தபுத்தி என்று இதைத் தள்ளிவிட முடியாது. பழக்கம் இல்லாவிட்டால் சட்டைப் பொத்தான் போடுவதற்கே தினமும் யோசிக்க வேண்டியிருக்கும். தவிர, தேர்ந்தவர்களும் இதில் தப்புவதில்லை.

2008-ல் பிலாலிச், மக்லியோட், கோபே என்ற மூவர் வெளியிட்ட சதுரங்க ஆய்வைப் பாருங்கள். ராணியைப் பலிகொடுத்து, குதிரையால் ராஜாவை முடக்கும் ஐந்து நகர்த்தல் வெற்றி அந்தப் பலகையில் இருந்தது. ஆட்டக்காரர்களுக்கு அது அத்துப்படி. மூன்றே நகர்த்தலில் முடியும் வழியும் இருந்தது. "இன்னும் சுருக்கமான வழி உண்டா?" என்று கேட்டதும், நல்ல ஆட்டக்காரர்களே தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்றார்கள். அவர்களுடைய பார்வையைக் கருவி பதிவு செய்துகொண்டிருந்தது. புதிய வழியைத் தேடுவதாகச் சொன்ன நேரத்திலும், கண்கள் பழைய வழிக்குரிய கட்டங்களையே சுற்றிக்கொண்டிருந்தன. பொய் சொல்லவில்லை அவர்கள். தேடுவதாகத்தான் மனதார நம்பினார்கள்.

பழகிய வழி அடைபடும்படி ஒரே ஒரு காயை இடம் மாற்றி வைத்தும் அந்தப் பலகையைக் காட்டினார்கள். அப்போது மூன்று நகர்த்தல் வழி கண்ணில் பட்டது. அது அதுவரை மறைந்திருந்த இடம், எல்லோருடைய கண்ணெதிரேதான்.