டிரங்குப் பெட்டியில் இருக்கும் போர்க்காலக் கடிதங்களை என்ன செய்யலாம்?

(நம் குடியிருப்பின் குடியரசு தின விழாவில் ஆற்றிய உரை)

காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நம் குடியிருப்பில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் இருக்கிறார்கள். அப்பாவோ மாமனாரோ ராணுவத்தில் இருந்த குடும்பங்களும் உண்டு. அந்த வீடுகளில் பெரும்பாலும் பரணில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். உள்ளே கடிதங்கள், டைரி, கறுப்பு வெள்ளைப் படங்கள். வீடு மாறும்போதோ பெயின்ட் அடிக்கும்போதோ அது பழைய பேப்பர்காரரிடம் போய்விடுகிறது. ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்திய வீரர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. ஆனாலும் அவர்கள் என்ன எழுதினார்கள் என்று ஓரளவு தெரியும். எப்படி? தபாலைப் பிரித்துப் படித்த தணிக்கை அதிகாரிகள் சில பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அறிக்கையில் சேர்த்தார்கள். அந்த அறிக்கைகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கடிதம் வந்து சேர்ந்த வீட்டில் காகிதம் மிஞ்சவில்லை. பிரித்துப் படித்தவரின் குறிப்புதான் மிஞ்சியது.

நம் காலத்துப் போர்களுக்கும் அந்த நிலை வர வேண்டுமா? 1971 டிசம்பரில் 20 வயதில் களத்தில் இருந்தவர் இன்று 70-ஐத் தாண்டிவிட்டார். 1965-இல் போனவர் 80-ஐ நெருங்கிவிட்டார் அல்லது தாண்டிவிட்டார்.

களத்திலிருந்து வந்த உறையைப் பாருங்கள். '56 ஏபிஓ' அல்லது '99 ஏபிஓ' என்றுதான் இருக்கும், ஊர்ப் பெயர் இருக்காது. பதுங்குகுழி முன்னால் ஆறு பேர் நிற்கும் படத்தில் யார் யார், எந்த இடம் என்பதும் எழுதியிருக்காது. தெரிந்தவர் ஒருவர்தான், அவர் உங்கள் வீட்டுச் சாய்வு நாற்காலியில் இருக்கிறார். பெயரில்லாத படத்தை வாங்கிக் காப்பகத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் முதல் வேலை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். பெயர், இடம், ஆண்டு கேட்டு நோட்டில் எழுதுங்கள். அவர் சம்மதித்தால் செல்போனில் குரலையும் பதிவு செய்யுங்கள். சில விஷயங்களைப் பேச விரும்பமாட்டார். வற்புறுத்தாதீர்கள்.

படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எண்ணை மட்டும் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம். லேமினேஷனும் செல்லோடேப்பும் கூடவே கூடாது. துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிடுங்கள். உறைகளைக் கிழித்துப் போடாதீர்கள், தபால் முத்திரையும் ஓர் ஆதாரம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் நகல் ஆகாது, ஸ்கேன் செய்து வையுங்கள்.

கொடுக்கக் கூடாதவையும் உண்டு. டிஸ்சார்ஜ் புத்தகமும் பென்ஷன் ஆணையும் அசலாக வீட்டிலேயே இருக்கட்டும்; குடும்ப ஓய்வூதியத்துக்கு அம்மாவுக்குத் தேவைப்படும். 'ரகசியம்' என்று முத்திரையிட்ட தாள் ஏதாவது கண்ணில் பட்டால் படமெடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

எங்கே கொடுப்பது? டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் தனியார் ஆவணங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 1870-இல் தொடங்கிய யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷன் ராணுவ வரலாற்று ஆய்வு நடத்துகிறது. அவர் இருந்த ரெஜிமென்டின் மையத்தையும் கேளுங்கள்; மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. பெட்டியை அப்படியே கூரியரில் போட்டுவிடாதீர்கள். முதலில் பட்டியலை அனுப்பி, வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

கொடுக்கும்போது எழுத்தில் கொடுங்கள். எத்தனை கடிதம், எத்தனை படம், யார் பார்க்கலாம், எப்போதிலிருந்து பார்க்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அம்மாவுக்கு எழுதிய அந்தரங்கக் கடிதங்களைச் சில ஆண்டுகள் யாருக்கும் காட்டக் கூடாது என்று நிபந்தனை வைக்கலாம். கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கு உரியது. அவர் காலத்துக்குப் பின் வாரிசுகளுக்கு. ஆகவே வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தம்பிகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பின்னால் மனஸ்தாபம் வராது.

பெட்டியைப் பிரிய மனமில்லையா? தவறே இல்லை. அசலை வைத்துக்கொண்டு நல்ல நகலைக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். பெயர்ப் பட்டியலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஞாயிறு காலை 10 மணி முதல் 12 மணி வரை என் ஸ்கேனருடன் சங்க அலுவலகத்தில் இருப்பேன். படங்களைக் கொண்டு வாருங்கள். முடிந்தால் பெரியவரையும் கையோடு அழைத்து வாருங்கள்.