ஒரு மணி நேரத்துக்கு பிசினஸ் கிளாஸ் வேண்டுமா?

(சங்க மூத்தோர் கூட்டத்தில் பேசியது)



மதுரையிலிருந்து கொழும்பு சுமார் 350 கிலோமீட்டர். நாம் ரயிலில் சென்னை போகிற தூரம்கூட இல்லை. விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

வீட்டில் ஆச்சிக்கு மூட்டுவலி என்பதால் போன முறை பிசினஸ் கிளாஸ் எடுத்தேன். சாப்பாட்டுத் தட்டு வந்தது. பாதி சாப்பிடுவதற்குள் இறங்கப் போகிறோம் என்று அறிவிப்பும் வந்துவிட்டது. "இந்த அரைச் சாப்பாட்டுக்கா இவ்வளவு பணம்?" என்றார் ஆச்சி.

பழைய வங்கிப் பழக்கத்தில் வரவு செலவு போட்டுப் பார்த்தேன். தனி வரிசை, கூடுதல் எடை, உட்கார நல்ல ஓய்வறை: கிடைத்ததில் பெரும்பகுதி தரையில்தான். முழங்காலுக்கு உண்மையில் உதவியது சக்கர நாற்காலி. நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு அது எந்த வகுப்பிலும் கட்டணமில்லாமல் கிடைக்கும். டிக்கெட் போடும்போதே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

1914இல் பாம்பன் பாலம் வந்த பிறகு நம் ஊர்க்காரர்கள் போட் மெயிலில் கொழும்பு போனார்கள். தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். அத்தனை நீளப் பயணத்தில் மேல் வகுப்புக்கு அர்த்தம் இருந்தது.

இன்றும் அதே கணக்குதான். பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் கொழும்பு வழியாக லண்டனோ மெல்பர்னோ போகிறீர்களா? ஒரே டிக்கெட்டாகப் போட்டு, இரவுப் பயணத்துக்குச் செலவு செய்யுங்கள். கொழும்போடு திரும்புவதானால், சாதாரண வகுப்பும் ஒரு சக்கர நாற்காலியும் போதும்.

கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆச்சியும் முதலில் கூச்சப்பட்டார்.