ஷோகேஸில் வெயில் காயும் போத்தல்

விஸ்கி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். குடிக்கச் சொல்லும் பேச்சல்ல இது. குடிக்காமலே வைத்திருந்த போத்தலைப் பற்றியது.

கம்போங் மேடானில் ஓர் அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா வேலை ஓய்வு பெற்ற நாளில் முதலாளி கொடுத்த விஸ்கி, பீங்கான் ஜாடியில், இருபது ஆண்டுகளாக ஹால் ஷோகேஸில் நிற்கிறது. அவர் அதைத் திறந்ததே இல்லை. இப்போது அவரும் இல்லை. "ஏன்டா, அப்பா போத்தல வித்தா தங்கச்சி காலேஜ் பீஸுக்கு ஆகுமா?" என்று அம்மா மகனிடம் கேட்கிறார்.

'பழசாக ஆக விலை ஏறும்' என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. விஸ்கி மரப்பீப்பாயில் இருக்கும் வரைதான் முதிரும். போத்தலில் அடைத்ததும் அதன் வயது நின்றுவிடும். 12 ஆண்டு விஸ்கி ஷோகேஸில் 20 ஆண்டு இருந்தாலும் 12 ஆண்டு விஸ்கிதான். கிடைப்பதற்கு அரிதானால் மட்டுமே விலை ஏறும். அதுவும் நல்ல நிலையில் இருந்தால்.

இங்கேதான் நமது வெயில் வேலையைக் காட்டுகிறது. மேல்மாடி வீட்டின் பகல் சூட்டில் உள்ளிருக்கும் மதுவும் காற்றும் விரிந்து தக்கையை நெருக்கும், இரவில் சுருங்கும். இப்படியே ஆண்டுக்கணக்கில் நடந்தால் சாராயம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கழுத்தளவு இறங்கிவிடும். வாங்குகிறவர் முதலில் பார்ப்பதே அந்த அளவைத்தான். பீங்கான் ஜாடியில் அளவு தெரியாது என்பதால் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பார்கள்.

வைன் போத்தலைப் படுக்க வைப்பார்கள். விஸ்கியைப் படுக்க வைத்தால் அதன் வீரியம் தக்கையை அரித்துவிடும். நிமிர்த்தியே வைக்க வேண்டும். வெயில் பட்டால் லேபிள் வெளுக்கும். ஈரம் கூடினால் பூஞ்சை பிடிக்கும். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஈரத்துணியால் துடைத்தே லேபிளைக் கெடுத்தவர்கள் உண்டு! பெட்டியைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. பெட்டி இல்லையென்றால் விலை குறையும். படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டில், இருட்டில், பெட்டியோடு நிற்பதே அதற்கு நல்ல இடம்.

2023 நவம்பரில் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் 1926ஆம் ஆண்டு மெக்காலன் போத்தல் ஒன்று 21 லட்சம் பவுனுக்கும் மேல் போனது. அதற்கே ஏலத்துக்கு முன் தக்கையை மாற்றி, லேபிள் ஓரங்களை ஒட்டி, ஒரு மில்லிலிட்டர் எடுத்துச் சோதித்தார்கள்.

அந்தக் கணக்கைப் பார்த்து மனக்கோட்டை கட்டிவிடக் கூடாது. நமது ஷோகேஸ்களில் இருப்பவை பெரும்பாலும் ஏராளமாகத் தயாரிக்கப்பட்ட ரகங்கள். மேலும், மலேசியாவில் உரிமம் இல்லாமல் மது விற்பது 1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி குற்றம். முகநூலில் படம் போட்டு விற்கப் பார்ப்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான். உரிமம் உள்ள வியாபாரியிடம் காட்டி மதிப்புக் கேட்கலாம்.

காலிப் போத்தலைக் கேட்டு வருகிறவர்களிடம் கவனமாக இருங்கள். விலையுயர்ந்த ரகத்தின் காலிப் போத்தலில் மட்டமான சரக்கை ஊற்றி விற்பது உலகம் முழுக்க நடக்கும் மோசடி. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காலியானதை உடைத்துப் போடுங்கள்.

அந்த அம்மாவுக்கு என்ன சொல்வது? தங்கையின் படிப்புக்கு இப்போதே பிடிபிடிஎன் கடனுக்கு விண்ணப்பிக்கட்டும். ஜாடியை ஷோகேஸிலிருந்து எடுத்துச் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை ஒரு தாளில் தேதியோடு குறித்து, பெட்டிக்குள் வைக்கட்டும்.