நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்

(கிராமச் சுகாதாரப் பணியாளர் முகாமில் ஆற்றிய சொற்பொழிவு)



கிருமி என்ற சொல்லைக் கேட்டவுடன் நோய் என்ற எண்ணமே நமக்கு உண்டாகிறது. காலராவையும் காசநோயையும் விளைவிப்பவை கிருமிகளே. அவற்றை ஒழிக்கவே கிணற்றில் மருந்திடுகிறோம். தண்ணீரைக் காய்ச்சிப் பருகுகிறோம். ஆயினும், கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் அனைத்தும் நமக்குப் பகையல்ல. காய்ச்சிய பாலை ஆறவைத்து, இரவில் சிறிது மோரை உறையாக ஊற்றும் பெண்மணி கோடிக்கணக்கான நுண்ணுயிர்களை வேலைக்கு அமர்த்துகிறாள். விடிவதற்குள் அவை பாலைத் தயிராக்கி விடுகின்றன. நம் குடலிலும் எண்ணிலடங்கா நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. உணவைச் செரிக்க உதவுவதும், தீய கிருமிகளுக்கு இடங்கொடாமல் காப்பதும் அவற்றின் தொண்டு.

இவற்றையே மருந்தாகக் கொடுத்து நோயைத் தடுக்க இயலுமா? பாரிஸ் நகரிலுள்ள பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய மெச்னிகாவ் என்னும் விஞ்ஞானி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இக்கேள்வியை எழுப்பினார். பல்கேரிய நாட்டுக் குடியானவர்கள் புளித்த பாலை நாள்தோறும் உண்பது அவர்தம் நீண்ட ஆயுளுக்குக் காரணமாகலாம் என்று அவர் கருதினார். அது கருத்து, நிரூபணம் அன்று. போதிய அளவில் கொடுத்தால் உடலுக்கு நன்மை பயக்கும் உயிருள்ள நுண்ணுயிர்களை இன்று 'புரோபயாடிக்' என்று மருத்துவர் அழைக்கின்றனர்.

ஒடிசாவில் நடந்த சோதனை

இத்துறையில் நாம் பெருமையுடன் எடுத்துக்கூறத் தக்க ஆராய்ச்சி ஒன்று பெரிய நகரத்து மருத்துவமனையில் அன்று, ஒடிசா மாநிலத்தின் 149 கிராமங்களில் நடைபெற்றது. டாக்டர் பினாகி பாணிக்ராஹியின் தலைமையில் நடந்த அச்சோதனையின் முடிவு 2017-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

பிறந்த குழந்தையின் இரத்தத்தில் கிருமி நுழைந்து உடல் முழுவதையும் தாக்கும் கொடிய நோயை 'செப்சிஸ்' என்பர். நேற்றுப் பால் குடித்த குழந்தை இன்று பால் குடிக்க மறுக்கும்; உடல் குளிர்ந்து போகும்; காலம் தாழ்த்தினால் உயிர் தப்புவது அரிது. இதனைத் தடுப்பதே அவர்களது நோக்கம்.

தாய்ப்பால் குடிக்கத் தொடங்கிய, இரண்டு கிலோவுக்குக் குறையாத எடையுள்ள 4,556 குழந்தைகள் சோதனையில் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு 'லாக்டோபாஸில்லஸ் பிளாண்டாரம்' என்னும் நுண்ணுயிரின் குறிப்பிட்ட ஒரு வகையும், அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையும் நாளுக்கு ஒரு முறையாக ஏழு நாட்கள் கொடுக்கப்பட்டன. மறு பகுதியினருக்கு அவை இல்லாத வெறும் பொடி கொடுக்கப்பட்டது. எக்குழந்தைக்கு எது கிடைத்தது என்பது தாய்க்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. விருப்பு வெறுப்பு முடிவைக் கெடுத்துவிடலாகாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பின்னர் இரண்டு மாதம்வரை குழந்தைகளைக் கவனித்து வந்தனர்.

வெறும் பொடி பெற்றவர்களில் நூற்றுக்கு 9 பேர் செப்சிஸ் நோய்க்கோ மரணத்துக்கோ ஆளாயினர். நுண்ணுயிர் பெற்றவர்களில் இது நூற்றுக்கு 5.4 ஆகக் குறைந்தது. அதாவது ஐந்தில் இரண்டு பங்கு குறைவு. மார்புச்சளி நோய்களும் குறைந்தன. ஏழே நாள் கொடுத்த எளிய பொருள் இத்தனை பிஞ்சுக் குழந்தைகளை நோயிலிருந்து காத்ததெனில், அதன் மதிப்பை நாம் சொல்லவும் வேண்டுமோ?

எச்சரிக்கையும் தேவை

ஆனால் ஓர் இடத்தில் பலித்தது எல்லா இடத்திலும் பலிக்கும் என்று கொள்ளலாகாது. ஒரு நிலத்துக்கு ஏற்ற விதை மற்றொரு நிலத்தில் முளைக்காமல் போவதுண்டு. நுண்ணுயிரின் தன்மையும் அத்தகையதே.

கல்கத்தாவின் சேரிப்பகுதியில் 3,758 சிறுவர்களிடம் நடந்த வேறொரு சோதனையில், நுண்ணுயிர் கலந்த பானம் வயிற்றுப்போக்கை நூற்றுக்கு 14 பங்கே குறைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வயிற்றுப்போக்குற்ற குழந்தைகளிடம் நடந்த இரு பெரும் சோதனைகள் பயனேதும் காணவில்லை என 2018-இல் அறிவித்தன. நெதர்லாந்தில் கணையம் கடுமையாக வீங்கிய நோயாளிகளுக்கு நுண்ணுயிர்க் கலவை கொடுத்தபோது, அதைப் பெற்றவரிடையே 24 பேரும் பெறாதவரிடையே 9 பேரும் இறந்தனர். இது 2008-இல் வெளியான செய்தி. குறைமாதக் குழந்தைகளுக்கு இத்தகைய பொருள்களைக் கொடுப்பதனால் அந்நுண்ணுயிரே இரத்தத்தில் பரவி உயிருக்கு ஆபத்து நேரலாம் என்று 2023-இல் அமெரிக்க அரசின் மருந்துத்துறை மருத்துவர்களை எச்சரித்தது.

ஆகவே எந்த நுண்ணுயிர், எந்த நோய்க்கு, யாருக்கு, எவ்வளவு என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பின்னரே அது மருந்தாகும். விளம்பரத்தைக் கண்டு கடையில் வாங்கும் பொடி மருந்தாகிவிடாது. வீட்டுத் தயிர் பெரியவர்களுக்கு நல்ல உணவு. ஆயினும் பச்சிளங் குழந்தையின் வாயில் அதை வைப்பது பெருந்தவறு.

நமது கடமை

இந்த ஆராய்ச்சி முழுமை பெறும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தாய்ப்பாலில் உள்ள சிலவகைச் சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க இயலாது. குடலில் வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கே அவை உணவாகின்றன. ஒடிசாவில் பொடியுடன் சேர்த்துக் கொடுத்தது போன்ற உணவை, இயற்கை தாயின் மார்பிலேயே ஏற்கெனவே அமைத்து வைத்திருக்கிறது!

ஆகையால், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலைக் கொடுக்கும்படி ஒவ்வொரு தாய்க்கும் எடுத்துரைப்போம். சேனை வைப்பது, தேன் தடவுவது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் புகட்டுவது ஆகியவற்றைக் கைவிடச் செய்வோம். ஆறு மாதம்வரை தாய்ப்பாலே போதும். குழந்தையைத் தொடுமுன் சோப்பிட்டுக் கை கழுவுவோம். வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையுமே முதல் மருந்து. கிருமிக்கொல்லி மருந்துகள் தீயவற்றோடு நல்லவற்றையும் கொல்லுமாதலால், மருத்துவர் சொல்லாமல் அவற்றைக் கொடுக்க வேண்டாம். குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், மூச்சு வேகமாக வாங்கினாலும், உடல் குளிர்ந்தாலும், வலிப்புக் கண்டாலும், ஒரு நாழிகையும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வோம்.

ஒடிசாவின் 149 கிராமத்துத் தாய்மார்கள் நம்பிக்கையுடன் ஒத்துழைத்ததனால்தான் உலகம் ஓர் உண்மையை அறிந்தது. அறிவு நகரத்திலிருந்து கிராமத்துக்கு வருவது மட்டுமன்று. கிராமத்திலிருந்து உலகுக்கும் செல்வதாகும். அத்தகைய ஆராய்ச்சி நம் ஊருக்கு வருமாயின், கேள்வி கேட்டுத் தெளிந்து, மனமுவந்து துணை நிற்போமாக.