நீ, நீர், நீங்கள்



இந்தத் தொடரில் எனக்கு முன் பேசியவர்கள் கவிதை பற்றியும் நாவல் பற்றியும் பேசினார்கள். நான் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இலக்கியத் தொடரில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று வானொலியை மூடிவிடாதீர்கள். பந்தும் மட்டையும் இல்லாமல், வாயினால் ஆடுகிற ஆட்டம் இது. ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் நின்று, "நான் இந்தக் கதவைத் திறக்கிறேன்", "நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறேன்" என்று சொல்லுவார்கள். கதவு திறக்குமா திறக்காதா என்ற ஐயம் வந்தால் தாயக்கட்டையை உருட்டிப் பார்ப்பார்கள். நமது கூத்தில் அண்ணாவியார் செய்கிற வேலையை இங்கே கதை சொல்பவர் செய்கிறார். ஆனால் ஏடு கிடையாது. வசனம் அந்த இடத்திலேயே பிறக்கவேண்டும்.

இதன் முதல் விதிநூல் 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில், விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு கைந்நூல்கள். முதற் பதிப்பு ஆயிரம் பெட்டிகள்தான். 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்று பெயர். பாதாளச் சிறைகளும் பறவை நாகங்களும் என்று சொல்லலாம்.

அந்தப் பழைய விதிகள் வேலணையில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்த கதை இது. நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கென்று ரொறன்ரோவிலிருந்து என் பெறாமகன் வந்திருந்தான். தங்கையின் மகன், இருபத்திரண்டு வயது. பெட்டிக்குள் உடுப்பை விடப் புத்தகங்கள்தான் கூட. இருபது முகம் கொண்ட தாயக்கட்டை ஒன்றும் வைத்திருந்தான். நெடுந்தீவுக்கு ஒரு நாள் போய் வந்தவன், முருகைக்கல் மதில்களையும் ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாட்டையும் கட்டாக்காலிக் குதிரைகளையும் கண்டுவிட்டு, "பெரியம்மா, இதை வைச்சு ஒரு ஆட்டம் ஆடவேணும், விதிகளைத் தமிழிலை எழுதித் தாருங்கோ" என்று என் கையில் புத்தகத்தைத் திணித்துவிட்டான். முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவள் நான். இது என்ன பெரிய வேலை என்று இருந்தேன்.

மொழிபெயர்க்கத் தொடங்கிய முதல் நாளே அவன் எச்சரித்தான். இந்த நூல்களின் மொழியைப் பற்றி அங்கே பெரிய வாக்குவாதமாம். பழைய நூல்களில் ஆடுகிறவர் எப்போதும் 'அவன்'தான். போராடுகிற பாத்திரத்தின் பெயரே 1974இல் 'சண்டை மனிதன்' என்றுதான் இருந்தது. 1978இல் வந்த நூலில் பெண் பாத்திரத்தின் உடல்வலிமைக்கு ஓர் உச்சவரம்பு போட்டார்கள். பறவை நாகம் நெருப்புக் கக்கலாம், ஆனால் பெண்ணொருத்தி ஆணளவு பாரம் தூக்கக்கூடாது! 1989ஆம் ஆண்டுப் பதிப்பில், ஆண்பாற் சொல் பல நூற்றாண்டு வழக்கினால் பொதுச்சொல் ஆகிவிட்டது, பெண்களை விலக்கும் எண்ணம் எமக்கில்லை என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தார்கள். 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவனும் அவளும் மாறி மாறி வந்தார்கள்.

2006 முதல், பழைய விதிகளையே புதிதாக எழுதி வெளியிடுகிற ஒரு கூட்டம் வளர்ந்திருக்கிறது. விளையாட்டின் செய்முறைக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய சொற்களுக்குத்தான் உண்டு. ஆகவே அவர்கள் ஒவ்வொரு வசனத்தையும் வேறு சொற்களில் எழுதவேண்டியவர்கள். எழுதும்போது 'அவன்' என்பதை வைப்பதா எடுப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு வரியிலும் வருகிறது. சிலர் பழமையின் சுவை கெடும் என்கிறார்கள். சிலர் அந்தச் சுவை யாருக்கு என்று கேட்கிறார்கள்.

எனக்கு இது சிரிப்பாக இருந்தது. தமிழுக்கு இதில் என்ன கஷ்டம்? 'ஆடுபவர்' என்று எழுதினால் முடிந்தது. 'ஒருவர்' என்ற பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்று தொல்காப்பியர் எப்போதோ சொல்லி வைத்துவிட்டார். ஒரு பின்னேரத்துக்குள் பத்துப் பக்கம் எழுதிவிட்டேன். எங்கள் மொழி முந்தியே திருந்திவிட்ட மொழி என்று ஒரு கர்வமும் வந்தது.

இரண்டாம் நாள் அந்தக் கர்வம் போயிற்று.

விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பிறப்பு உண்டு. மனிதர், குள்ளர், வனதேவர் என்று. ஆங்கிலத்தில் அதற்கு 'ரேஸ்' என்ற சொல்லை ஏறக்குறைய ஐம்பது வருடம் வைத்திருந்தார்கள். அந்தச் சொல் புண்படுத்துகிறது என்று 2022 டிசம்பரில் பதிப்பகத்தார் அதைக் கைவிடுவதாக அறிவித்து, 2024ஆம் ஆண்டு நூலில் 'ஸ்பீஷீஸ்' என்று மாற்றினார்கள். நான் அகராதியைப் புரட்டினேன். முதற் சொல்லுக்கும் 'இனம்', இரண்டாஞ் சொல்லுக்கும் 'இனம்'! அவர்கள் ஒரு வாசலால் வெளியே அனுப்பியது எங்களிடம் மறுவாசலால் உள்ளே வந்து குந்திக்கொள்கிறது. என்னுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலே தகப்பனின் இனம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. 1983இல் அந்தக் கட்டத்தில் எழுதியிருந்ததற்காகவே ஆட்கள் கொல்லப்பட்டார்கள். அதை நான் விளையாட்டுக்கு எழுதமாட்டேன் என்று விட்டேன். 'குலம்' என்றால் இன்னும் மோசம். 'வர்க்கம்' வேறு வேலைக்கு வேண்டியிருந்தது.

நான் சொல் தேடிக்கொண்டிருக்க, பெறாமகன் பொறுமையிழந்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டான். ஆட வந்தவர்கள் என் அம்மா, அண்ணன் மகள், பக்கத்து ஒழுங்கைப் பெடியன் ஒருவன். அந்தப் பெடியனின் தாத்தா எங்கள் வளவில் வேலி அடைக்க வந்திருந்தார். ஒரு காலத்தில் பின்வளவால் மாத்திரம் வந்து போனவர். அவருக்குச் சிரட்டையில் தேத்தண்ணீர் ஊற்றியதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். பேரன் இப்போது முன்விறாந்தையில் சப்பாணி கட்டி இருந்தான்.

பெறாமகன் கடதாசியை எடுத்து, தனக்குத் தெரிந்த வீட்டுத் தமிழில், ஒரு கள்ளங்கபடமும் இல்லாமல் அந்தப் பெடியனைக் கேட்டான்:

"நீ என்ன ஆக்கள்?"

நேயர்களே, யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 'என்ன ஆக்கள்' என்பது எங்கள் பக்கத்தில் சாதி கேட்கிற கேள்வி. சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே கேட்பதற்கென்று செய்துவைத்த கேள்வி. அம்மா முற்றத்தைப் பார்த்தா. வேலியடியில் கத்திச் சத்தம் நின்றது. கேட்டவனுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை, பென்சிலோடு காத்திருந்தான்.

பெடியன் பட்டியலை ஒருதரம் பார்த்தான். "மனிசர் எண்டு போடுங்கோ அண்ணை" என்றான்.

அதற்குப் பிறகு அண்ணன் மகளின் முறை. அவளுக்குப் பன்னிரண்டு வயது; தான் நாகராக இருக்கவேண்டும் என்றாள். புத்தகத்தில் நாகம் இருக்கிறது. 1977இல் வந்த அரக்கர் விலங்குப் பட்டியலில் நாகமும் உண்டு, இராட்சதரும் உண்டு. ஆனால் அவை வெட்டி விழுத்துவதற்கு, ஆடுவதற்கல்ல. "அம்மன் கோயிலிலை கும்பிடுகிறதை ஏன் வெட்டவேணும்?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. மணிபல்லவம் என்பது நயினாதீவே என்று கொள்வோர் பலர். அங்கே பீடிகைக்காகச் சண்டையிட்ட இரு நாக அரசரை மணிமேகலையும் சொல்கிறது, மகாவம்சமும் சொல்கிறது. அதே மணிமேகலையில் சாதுவன் கதை ஒன்று வருகிறது, ஞாபகமிருக்கும். கப்பல் உடைந்து, பாய்மரத் துண்டைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் கரையொதுங்கியவனை அங்குள்ளவர்கள் கொன்று தின்ன வருகிறார்கள். அவன் அவர்களுடைய மொழியிலேயே பேசுகிறான். கை தாழ்கிறது. அவன் உயிர் பிழைத்தது வாளால் அல்ல. பெறாமகன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, நாகரை ஆடுவோர் பட்டியலுக்கு மாற்றிக்கொண்டான்.

அன்றிரவு என் கையெழுத்துப் பிரதியில் அந்தக் கேள்வியை அடித்துவிட்டு, 'உங்கள் பாத்திரம் எந்தக் கதையில் வந்தவர்?' என்று எழுதினேன். 'எந்த ஊர்' என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். அதுவும் எங்கள் பக்கத்தில் சுற்றி வளைத்து அதையே கேட்கிற கேள்வி என்பது பிறகுதான் உறைத்தது.

இன்னொன்று மிஞ்சியிருந்தது. இந்த ஆட்டம் முழுவதும் முன்னிலையில் நடக்கிறது. கதை சொல்பவர், 'உன் முன்னே ஒரு கதவு', 'உன் விளக்கு அணைகிறது' என்று சொல்லிக்கொண்டே போகவேண்டும். ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். அரசிக்கும் அது, நாய்க்கும் அது. ஆகவே அவர்களுடைய வாக்குவாதம் முழுவதும் அவன், அவள் என்ற படர்க்கையில் நடக்கிறது. எங்கள் முன்னிலையிலே ஆண்பால் பெண்பால் இல்லை. ஆனால் மேல் கீழ் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அதற்கு மூன்று படி: நீ, நீர், நீங்கள். வா, வாரும், வாங்கோ. ஒரு பெட்டியில் எழுதிய விதியைத் தமிழில் வாய்விட்டு ஆடத் தொடங்கியதும், கதை சொல்பவர் ஒவ்வொருவரையும் ஒரு படியில் நிறுத்தியாகவேண்டும். 'அவன்' என்பதைத் திருத்துவதில் நான் காட்டிய கெட்டித்தனம் இங்கே ஒரு சதத்துக்கும் உதவவில்லை.

இந்தப் படிகளின் வரலாறு வேடிக்கையானது. ஒருவரைப் பன்மையால் சொல்வது இலக்கண நெறியல்ல, வழக்கினால் வந்த உயர்சொல் என்கிறார் தொல்காப்பியர். 'நீர்' பலரைக் குறித்த சொல். பிறகு ஒருவருக்கு மரியாதை ஆயிற்று. அதுவும் போதாமல் 'கள்' சேர்த்து நீங்கள் ஆயிற்று. தொல்காப்பியர் காலத்தில் அந்தக் 'கள்' மாட்டுக்கும் மரத்துக்குமுரிய அஃறிணை விகுதி! ஆக இலக்கணத்தில் இதற்கு ஒரு நிலையான இடமும் இல்லை. ஆட்கள் வைத்த இடந்தான்.

வைத்தவர்கள் யார் என்றுதான் பார்க்கவேண்டும். ஐந்து வயதில் நான், எழுபது வயது முதியவரை 'நீ' என்று கூப்பிட்டிருக்கிறேன். அவர் என்னை 'நாச்சியார்' என்பார். எனக்கு யாரும் அதைச் சொல்லித் தந்ததில்லை. நடக்கப் பழகியது போலப் பழகினேன். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் தேநீர்க்கடைகளும் கோயில்களும் ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டி வந்தது. அந்த வாழ்வின் உள்ளே இருந்து எழுதிய கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்தது. கதவைத் திறப்பதற்குச் சட்டம் போடலாம். 'நீ' என்பதற்கு என்ன சட்டம் போடுவது?

மூன்றாம் நாள் பெடியனுக்கு ரியூசன். அவனுடைய பாத்திரம் ஒரு தண்டையல். ஊர்காவற்துறையிலிருந்து நெடுந்தீவுக்குத் தோணி விடுபவர். தண்டையல் இல்லாமல் ஆட்டம் ஓடாது. பெறாமகன் வேலியடிக்குப் போய்ப் பெடியனின் தாத்தாவைக் கேட்டான். "எனக்கென்ன தெரியும் தம்பி" என்றபடி அவர் வந்து படியில் இருந்தார். மேலே வா என்று அம்மா சொல்லவில்லை; நானும் சொல்லவில்லை. அண்ணன் மகள்தான் பாயை இழுத்துக்கொண்டு வந்து படியோடு போட்டாள். பிறகு எல்லோரும் படிப்பக்கம் நகர்ந்தோம்.

பெறாமகனுக்கு நீரும் தெரியாது, படியும் தெரியாது. வயதுக்கு மூத்தவர் எல்லோரும் அவனுக்கு நீங்கள். "நீங்கள் கடற்கோட்டையைத் தாண்டிவிட்டீங்கள், காற்று மாறுது, அம்மம்மா, தண்டையலைக் கேளுங்கோ" என்றான்.

அம்மாவின் பாத்திரம் ஓர் அரசனின் தூதர். தூதர் தண்டையலைக் கேட்கவேண்டும். அம்மா கொஞ்சம் யோசித்தா. எண்பத்தொரு வயதில், ஒரு நாளும் சொல்லாத சொல்லுக்கு வாயைத் திருப்புவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"தண்டையல், இப்ப எந்தப் பக்கத்தாலை கொண்டு போறீர்?"

"சோளகம் கிளம்பியிட்டுது" என்றார் அவர். "கரையைப் பிடிச்சுப் போவம்." வசனத்தின் முடிவில் நாச்சியார் இல்லை. கட்டையை உருட்டினார். மூன்று விழுந்தது. தோணி தரை தட்டியது. எல்லோருக்கும் சிரிப்பு.

ஆட்டம் முடிந்து அவர் எழும்பியபோது, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்" என்றா அம்மா, வழக்கம் போல.

விதிநூலின் தமிழ்ப் படியை முடித்துவிட்டேன். கதை சொல்பவர் ஆடுவோர் எல்லோரையும், வயது பாராமல், 'நீர்' என்று விளிக்கவேண்டும் என்று முதற் பக்கத்திலேயே எழுதினேன். நடுப்படியில் எல்லோரும் நிற்கட்டும் என்று எண்ணம். ரொறன்ரோவிலிருந்து போனகிழமை பெறாமகன் பதில் போட்டிருக்கிறான். அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினானாம். எல்லாம் நன்றாம், ஆனால் ஏன் ஒவ்வொரு வரியிலும் தண்ணீர் வருகிறது என்று கேட்கிறார்களாம்.