அபிப்பிராயம் கூறும் முறை

கல்கிசைக் கடற்கரையிற் பொழுதைக் கழித்துப் புகையிரதத்தில் மீளும் குடும்பம், வெள்ளவத்தையில் இறங்குமுன்னரே பல தீர்ப்புக்களை வழங்கிவிடுகின்றது. நேற்றைய கச்சேரி சுமார். விருந்திற் சொதி சரியில்லை. தொலைக்காட்சி நாடகம் வீண்.

வாய்ச்சொல் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்குக் கல்கிசையே சான்று. 1806 ஆம் ஆண்டளவில் அங்கே மாளிகை எழுப்பிய தேசாதிபதி மெயிற்லண்ட், லவினியா என்னும் நடனமாதைக் காதலித்தார் என்ற கதை, இருநூறு ஆண்டுகள் கடந்தும் ஓயவில்லை. மாளிகை விடுதியாக மாறிவிட்டது. பேச்சு மட்டும் மாறவில்லை.

கலைஞனைப் பற்றிய பேச்சும் அத்தகையதே. தனி ஆவர்த்தனத்தின்போது தேநீர் அருந்த எழுந்து சென்றவர், புதிதாக மேடையேறிய இளைஞனின் மிருதங்கத்தைக் குறை கூறலாமா? அச்சொல்லை நம்பி அடுத்த சபையினர் அவ்விளைஞனை அழையாது விட்டால், அந்த நட்டத்தை ஈடுசெய்வார் யார்?

குறை கூறல் குற்றமன்று. சொதியில் உப்புக் குறைந்ததைச் சமைத்தவரிடம் கூறினால், நாளைய சொதி சுவைக்கும். அயல் வீட்டிற் கூறினால் மனத்தாங்கலே மிஞ்சும். 'சரியில்லை' என்ற ஒற்றைச் சொல்லாலும் பயனில்லை. எந்த இராகத்திற் சுருதி விலகிற்று, எந்தக் காட்சி வீணே நீண்டது என்று சுட்டுதல் வேண்டும்.

முழுவதும் கேட்டு, உரியவரிடம், காரணத்தோடு கூறுவதே அபிப்பிராயம்.